மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடுமா?

கேள்வி: மட்டக்களப்பு, செங்கலடிப் பக்கத்து வாசகி ஒருவர், 2023 ஜூன் 4

என் தங்கைக்கு 19 வயது. இன்னும் கலியாணம் முடிக்கவில்லை. இரண்டு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. எங்கள் ஏரியா மிட்வைஃப் மிஸ், அம்மாவோடு கோயிலில் ஒன்றாக நிற்கிறவர். அவரிடம் போனால் இரவைக்கே ஊருக்குத் தெரிந்துவிடும் என்று தங்கை அழுகிறாள். என்னைக் கேட்டால், மிட்வைஃப்மார் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும்தான் சரி, இளம் பிள்ளைகளுக்கு அவர்களால் ஒரு பிரயோசனமும் இல்லை. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற மிட்வைஃப் ஒருவர், ஜூன் 4, இரவு

தங்கையின் விடயத்தை முதலில் பார்ப்போம். கர்ப்பம் பார்க்கிற ஸ்ட்ரிப் எந்தப் பார்மசியிலும் இருக்கிறது. கலியாணம் முடித்தவளா என்று யாரும் கேட்கப் போவதில்லை. சொந்த ஊரில் வாங்கக் கூச்சம் என்றால் டவுனுக்கு வந்து வாங்குங்கள். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரில் பார்க்க வேண்டும். ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு கோடு வந்தால் கர்ப்பம். இரண்டு மாதம் தள்ளிப் போயிருப்பதால் இப்போது அநேகமாகச் சரியாகவே காட்டும். கோடே விழாவிட்டால் அந்த ஸ்ட்ரிப் பழுது, இன்னொன்று வாங்குங்கள்.

அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தலைசுற்றி விழுவது, இரத்தம் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்ட்ரிப்பை விட்டுவிடுங்கள். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், இரவானாலும் சரி. கரு குழாயில் தங்கியிருந்தால் சில மணித்தியாலத்தில் உயிருக்கே ஆபத்தாகும்.

கர்ப்பம் இல்லை என்று வந்தால் தைரொயிட், பொலிசிஸ்டிக் ஓவரி (சூலகத்தில் சிறு நீர்க்கட்டிகள்), திடீரென எடை குறைந்தது அல்லது கூடியது, பரீட்சைப் பதற்றம் என்று காரணங்கள் பல. டாக்டரிடம் காட்டி இரத்தம் சோதிக்க வேண்டும்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். “யார் அவன்” என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்வியோடு பிள்ளை வாயை மூடிக்கொள்வாள்.

ஜூன் 5

“ஒரு பிரயோசனமும் இல்லை” என்பதற்கு இன்று பதில் எழுதுகிறேன். நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் பிறகு கிழக்கே எழுவான்கரையிலும் மிட்வைஃபாக இருந்து ஓய்வுபெற்றவள். எங்கள் உத்தியோகப் பெயர் குடும்பநல உத்தியோகத்தர். அந்தப் பெயர் சொல்வதைப் போலவே எங்கள் வேலையெல்லாம் குடும்பம் என்று ஒன்று உண்டான பிறகுதான் தொடங்கும்.

1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியபோது நோக்கம் தெளிவாக இருந்தது. பிரசவத்தில் தாய் சாகக்கூடாது, பிறந்த பிள்ளை சாகக்கூடாது. அதற்காகத்தான் வீடு வீடாகப் போகும் மருத்துவமாதை வைத்தார்கள். அது பலித்தது. இந்தப் பிராந்தியத்தில் தாய் மரணம் இவ்வளவு குறைந்த நாடுகள் அதிகம் இல்லை. ஆனால் அதே ஒழுங்கில் ஓர் இடைவெளி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் 1, 4, 7, 10ஆம் ஆண்டுகளில் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஆட்கள் போய் மருத்துவப் பரிசோதனை செய்கிறார்கள். கலியாண எழுத்து முடிந்ததும் மிட்வைஃப் தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் பெயரை எழுதி, போலிக் அமிலக் குளிசை கொடுத்து, குடும்பத் திட்டமிடல் கதைக்கிறார். கர்ப்பம் என்றால் எச் 512 என்கிற கர்ப்பிணிப் பதிவு அட்டை. பத்தாம் ஆண்டுக்கும் கலியாணத்துக்கும் நடுவில் இருக்கிற பிள்ளையின் பெயர் எங்கள் எந்தக் கொப்பியிலும் கிட்டத்தட்ட இல்லை. உங்கள் தங்கை நிற்பது அந்த இடத்தில்தான்.

ஆகவே உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை ஏரியா மிஸ்ஸின் மேல் காட்டுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

ஜூன் 7

களுவாஞ்சிகுடித் தம்பி ஒருவர், கலியாணம் முடிக்காதவர்களுக்குக் கருத்தடை கொடுப்பது சட்டப்படி குற்றம் என்று எழுதியிருக்கிறார். அப்படி ஒரு சட்டம் இலங்கையில் இல்லை. ஆணுறையையோ குளிசையையோ கொடுக்கக் கலியாணச் சான்றிதழைக் காட்டச் சொல்லி எந்தச் சட்டமும் கேட்பதில்லை. கேட்பது மனிதர்கள்தான்.

சட்டம் சொல்வது வேறு. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்பிள்ளையோடு உறவு கொள்வது, அவள் சம்மதித்தாலும் குற்றம். 1995இல் அந்த வயதை 12இலிருந்து 16 ஆக உயர்த்தினார்கள். அதே ஆண்டில் பொதுச் சட்டத்தின் கீழ் கலியாண வயது ஆணுக்கும் பெண்ணுக்கும் 18 ஆனது. முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டுக்குரியது, அதில் குறைந்த வயது என்று ஒன்று வைக்கப்படவில்லை. கருக்கலைப்பு 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே அனுமதி.

இந்தக் கடைசி வரியால் பிள்ளைகள் படும் பாட்டை நேரில் கண்டிருக்கிறேன். யாரோ கொடுத்த குளிசையைப் போட்டுவிட்டு, காய்ச்சலும் இரத்தப்போக்குமாகப் பொலிஸுக்குப் பயந்து வீட்டில் படுத்திருப்பார்கள். அந்த நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தால் சிகிச்சை செய்தே ஆக வேண்டும், செய்வார்கள். இதை வாசிக்கிற யாருக்காவது அப்படி ஒரு நிலை வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

ஜூன் 11

கோயிலில் அம்மாவோடு நிற்கிற மிஸ் என்ற வரி மனதை விட்டுப் போகவில்லை. இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

மிட்வைஃப் தன் பிரிவிலேயே குடியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஏறக்குறைய மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்பது பழைய கணக்கு, பல இடங்களில் அதைவிடக் கூட. கண்ணகி அம்மன் சடங்கு, சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் அவர் போவார். போகாவிட்டால் அடுத்த நாள் அந்த வீட்டுப் படலை திறக்காது. அந்தப் பழக்கத்தால்தான் இரவில் வலி எடுத்தாலும் எங்களைக் கூப்பிடுகிறார்கள். அதே பழக்கம்தான் 19 வயதுப் பிள்ளையைப் பயப்படுத்துகிறது.

கதை வெளியே போகிற வழிகளில் மிஸ்ஸின் வாய் ஒன்று. அப்படியானவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நான் கண்ட அளவில் கூடுதலாகக் கதை கசிந்தது கண்ணால் பார்த்ததை வைத்துத்தான். கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இல்லாத வீட்டு வாசலில் என் ஸ்கூட்டி நின்றால் ஒழுங்கை முழுவதும் கணக்குப் போடும். அதனால் அப்படி ஒரு வீட்டுக்குப் போகிற நாளில் பக்கத்து வீடுகளுக்கும் போவேன். ஒரு வீட்டில் பிரஷர் பார்ப்பேன், ஒரு வீட்டில் திரிபோஷ சத்துமா வந்ததா என்று கேட்பேன். போக வேண்டிய வீட்டில் இருக்கிற நேரம் மற்ற வீடுகளைவிடக் கூடாமல் பார்த்துக்கொள்வேன். வேலை இரட்டிப்பாகும். வீட்டுத் தரிசிப்பு அறிக்கையில் இதற்கு ஒரு நிரலும் இல்லை.

பிள்ளைகளும் வழி கண்டுபிடித்திருந்தார்கள். நிறை பார்க்கிற கிளினிக்குக்கு அக்காவின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தங்கள் முறை வந்தாலும் “நீங்கள் போங்கள் அக்கா” என்று மற்றவர்களை முன்னால் விடுவார்கள். கடைசி ஆளாக உள்ளே வந்து, குழந்தையைத் தராசில் வைத்துக்கொண்டே, “மிஸ், என் கூட்டாளி ஒருத்திக்கு...” என்று தொடங்குவார்கள். நான் அந்தக் கூட்டாளிக்கே பதில் சொல்வேன். உனக்கா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அடுத்த மாதம் அந்தக் குழந்தையை வேறு ஆள் தூக்கி வந்திருக்கும்.

என்ன கேட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் உறவைப் பற்றியது அல்ல. வெள்ளைபடுதல், ஒரு பக்க மார்பு மற்றதைவிடச் சிறிதாக இருப்பது, பீரியட்ஸ் வலியில் வகுப்பில் மயங்கி விழுவது. “கலியாணம் முடிச்சால் சரியாகும்” என்று வீட்டில் சொல்லி விட்டுவிட்ட வலிகள். பீரியட்ஸ் தொடங்குகிற நேரமே இபுபுரூபன் மாதிரி ஒரு குளிசை சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் பலருக்கு அடங்கிவிடும் வலி அது. அடங்காவிட்டால் டாக்டர் பார்க்க வேண்டும். இதைச் சொல்ல ஆள் இல்லாமல் மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகள் எத்தனை பேர்.

ஜூன் 12

கேள்வி கேட்ட வாசகி தனியாக எழுதியிருந்தார். தங்கை சம்பந்தமாக இனி இங்கே யாரும் கேட்க வேண்டாம். பார்க்க வேண்டிய ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஜூன் 13

இப்போது வேலையில் இருக்கும் ஒரு மிஸ் சொல்கிறார்: தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டை இப்போது தகுதியுள்ள குடும்பம் என்று விரித்திருக்கிறார்கள், விதவைகளும் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாரும் அதற்குள் வருகிறார்கள். நல்ல விடயம். கதவு ஒரு பக்கம் அகன்றிருக்கிறது. நான் சொன்ன வயதுப் பிள்ளைகள் இன்னும் வெளியில்தான்.

ஜூன் 19

ஏரியா மிஸ்ஸை நம்புங்கள் என்கிற தொனியில் எழுதிவிட்டு, அதன் எல்லையைச் சொல்லாமல் விடுவது சரியாகப்படவில்லை. வாயை மூடிக்கொள்ள முடியாத இடமும் இருக்கிறது.

16க்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கர்ப்பம் என்றால் மிட்வைஃப் எம்.ஓ.எச்.சுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆஸ்பத்திரி, சட்ட வைத்திய அதிகாரி, பொலிஸ் என்று அது போகும். வயது எதுவானாலும் பலவந்தம் நடந்திருந்தால், அல்லது பிள்ளை உயிரை மாய்க்கப் பார்க்கிறாள் என்று தெரிந்தால், என் மௌனம் அவளுக்குத் துரோகம். அதனால் யாராவது “மிஸ், ஒருத்தருக்கும் சொல்லமாட்டீர்கள்தானே” என்று தொடங்கினால் உடனே சத்தியம் பண்ணமாட்டேன். எதை எனக்குள் வைத்துக்கொள்வேன், எதை முடியாது என்று முதலில் சொல்வேன். சிலர் அதைக் கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். அவர்களில் திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. வராதவர்களை நினைத்தால் இன்னும் நித்திரை குழம்பும். ஆனாலும் சத்தியம் பண்ணிவிட்டு அதை மீறுவதைவிட இது நல்லது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் மீறியதை அந்தப் பிள்ளை தன் கூட்டாளிகள் எல்லோருக்கும் சொல்வாள். பிறகு அந்த ஊரில் இருக்கிற எந்தப் பிள்ளையும் எந்த மிஸ்ஸிடமும் வராது.

இது மாதிரி வந்த ஒரு பிள்ளை, ஊரும் ஆண்டும் சொல்லமாட்டேன். வயது 15, தாய் மத்திய கிழக்கில், அம்மம்மாவோடு இருந்தாள். பெரியவர்கள் கூடி, எழுத்து இல்லாமல் பையனோடு சேர்த்துவைத்து, 18 ஆனதும் பதியலாம் என்று முடிவெடுத்திருந்தார்கள். நான் மேலே அறிவித்ததும் என் மேல் ஊருக்கே கோபம். அம்மம்மா மட்டும், அவளுக்கு இரத்தம் குறைவு, பிரஷர் ஏறுகிறது, பிரசவத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்று சொன்னதை நின்று கேட்டார். அந்தக் கிழவிதான் பிறகு ஒவ்வொரு கிளினிக்குக்கும் கூட்டி வந்தது. சட்டம் ஒரு பக்கம் போகட்டும், அந்த வயதில் பிள்ளை பெறுவது உடம்புக்கு எவ்வளவு பாரம் என்பதை ஊரில் சொல்லக்கூடிய ஆள் மிட்வைஃப்தான்.

அவசரத்துக்கு 1929 இருக்கிறது. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், தமிழிலும் கதைக்கலாம்.

ஜூலை 2

“எல்லாம் பெண்பிள்ளைகளைப் பற்றி. எங்களுக்கு யார்?” ஏறாவூரிலிருந்து ஒரு தம்பி. மிகச் சரியான கேள்வி. என் வேலைக்காலத்தில் நான் குறைவாகச் செய்த பகுதி இதுதான், எங்கள் வேலை அப்படி அமைந்திருந்தது.

ஆண்பிள்ளைகளுக்கு ஊரில் கைக்கெட்டுகிற ஆள் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஆனால் அவரைக் கண்டால் டெங்குக் கிணறும் கடைச் சாப்பாடும்தான் ஞாபகம் வரும். அதையும் மீறிச் சில பி.எச்.ஐ.மார் விளையாட்டுக் கழகத்துப் பையன்களோடு பந்தடித்து, மைதானத்து ஓரத்தில் இருந்து கதைத்துச் செய்த வேலை பெரியது. பையன்களின் பயங்களில் முதலாவது, நித்திரையில் விந்து வெளியேறினால் உடம்பு வற்றிவிடும் என்பது. தம்பி, வற்றாது. வளர்கிற வயதில் அது இயல்பு, அதற்கு மருந்து இல்லை, மருந்து தேவையும் இல்லை. சுவரில் ஒட்டியிருக்கிற போஸ்டரைப் பார்த்து லேகியத்துக்குக் காசு கட்டாதீர்கள்.

பாலியல் நோய் பற்றிச் சந்தேகம் என்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் அதற்கென்று தனிக் கிளினிக் இருக்கிறது. டாக்டர் கடிதம் தேவையில்லை, நேரே போகலாம், காசு இல்லை, இரகசியம் காப்பார்கள். எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டுக்கும் இரத்தம் பார்ப்பார்கள். சிபிலிஸ் ஊசியால் முழுதாக மாறும். எச்.ஐ.வி.க்கு மருந்து ஒழுங்காக எடுத்தால் நீண்ட ஆயுள் வாழலாம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. மிட்வைஃப்மார் ஒவ்வொரு கர்ப்பிணியையும் தேடிப் பிடித்து இரத்தம் சோதிக்க அனுப்பியதில் கிடைத்த வெற்றி அது. அவ்வளவு தேடுகிற எங்களால், அதே பெண்ணைக் கர்ப்பத்துக்கு முன்பும் அவளுடைய ஆண் துணையையும் தேட முடியும். வேலையை அப்படி வகுத்துத் தர வேண்டும், ஆட்களைக் கூட்ட வேண்டும்.

ஜூலை 3

உறவுக்குப் பிறகு போடுகிற அவசரக் கருத்தடைக் குளிசை பொஸ்டினர். அதைப் போட்டால் பிள்ளைத்தாய்ச்சி ஆகவே முடியாது என்று ஒருவர், அது கருவைக் கலைக்கும் என்று இன்னொருவர். இரண்டும் இல்லை. அது கருமுட்டை வெளிவருவதைப் பிந்தவைக்கும். உறவுக்குப் பிறகு 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது. ஏற்கெனவே தங்கிய கருவை ஒன்றும் செய்யாது. பின்னால் பிள்ளை பெறுவதையும் பாதிக்காது. அடுத்த பீரியட்ஸ் நாள் மாறி வரலாம், ஒரு கிழமைக்கு மேல் தள்ளினால் ஸ்ட்ரிப் பாருங்கள். மாதாமாதம் இதையே நம்பியிருப்பது சரியில்லை, நோயையும் தடுக்காது. ஆணுறை இரண்டையும் தடுக்கும்.

ஜூலை 16

அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒழுக்கமாக இருந்தார்கள், இப்போது போன் வந்துதான் கெட்டது என்று நீண்ட பதிவு ஒன்று. ஐயா, அந்தக் காலத்தில் நான் இருந்தேன். சண்டை நேரத்தில் இயக்கத்துக்குப் பிள்ளை பிடிப்பார்கள் என்ற பயத்தில் 15, 16 வயதில் அவசரம் அவசரமாகக் கட்டிவைத்த கலியாணங்களின் பிரசவங்களைப் பார்த்தவள் நான். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது. அதற்கு முன் பாதை என்கிற மிதவைப் படகில்தான் வாவி கடக்க வேண்டும், இருட்டினால் அதுவும் இல்லை. அந்தப் பெண்களில் கன பேருக்கு முதல் பிரசவம் வரை தங்கள் உடம்பைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. சுனாமி முகாம்களில் பீரியட்ஸ் துணி காயப்போட மறைவு இல்லாமல் ஈரத்துணியையே கட்டிக்கொண்டு திரிந்தார்கள். தெரியாமல் இருந்ததை ஒழுக்கம் என்று சொல்லாதீர்கள்.

போனைப் பற்றிச் சொன்னதில் பாதி உண்மை. ஆபாசப் படத்தைப் பார்த்து அதுதான் நடைமுறை என்று நம்புகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். படத்தை வைத்து மிரட்டப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பாடப் புத்தகத்தில் இருக்கிற இனப்பெருக்க அலகை “வீட்டில் வாசியுங்கள்” என்று ஆசிரியர் தாண்டிப் போனால் பிள்ளை போனிடம்தான் போகும்.

வெளிநாட்டில் தாய் இருக்கிற வீடுகளைப் பற்றி எனக்கு ஒரு வாதம் உண்டு. சின்னக் குழந்தையை விட்டுப் போகக்கூடாது என்று சட்டதிட்டம் போட்டார்கள். 13 வயது மகளை விட்டுப் போவதைப் பற்றி யாரும் அவ்வளவு யோசிக்கவில்லை. அந்த வீடுகளில் நான் அம்மம்மாமாரைத்தான் பிடித்தேன். மாதர் சங்கக் கூட்டத்துக்குப் பிறகு மரநிழலில் இருத்திவைத்துக் கதைத்தால் அவர்கள் கேட்பார்கள். பேத்தி பெரியபிள்ளை ஆனால் உழுந்துமாவும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுக்கத் தெரிந்தவர்கள், அந்த ஏழு நாளிலும் அவளோடு என்ன கதைக்கலாம் என்று கேட்டால் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். பிறகு கேட்பார்கள், “நீங்கள் வந்து சொல்லுங்களேன் மிஸ்” என்று. போய்ச் சொல்லியிருக்கிறேன். குடிசைக்குள் பிள்ளை, வெளியில் அம்மம்மா, நடுவில் நான்.

ஆகஸ்ட் 6

வெல்லாவெளிப் பக்கம் புதிதாக நியமனம் கிடைத்த மகள் ஒருத்தி, கலியாணம் முடிக்காத பிள்ளைகளோடு எப்படித் தொடங்குவது என்று கேட்டிருக்கிறாள். ஒன்றரை வருடப் பயிற்சியில் இதற்குக் கொஞ்ச நேரம்தான் கிடைத்ததாம்.

மகள், பிரச்சினை வந்த பிறகு அவர்கள் உன்னைத் தேடி வரமாட்டார்கள். பிரச்சினை இல்லாத நேரத்தில் உன் முகம் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நல்ல வாய்ப்பு ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளுக்குப் போடுகிற எச்.பி.வி. தடுப்பூசி. 2017இலிருந்து பள்ளிக்கூடங்களில் போடுகிறார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கிற ஊசி என்று தாய்மாருக்குச் சொல். பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் என்று எங்காவது கேள்விப்பட்டிருந்தால் அன்றைக்கே மறுத்துச் சொல், அப்படி எதுவும் இல்லை. பிள்ளைகளிடம் உன் பெயரைச் சொல், எந்த நாளில் எங்கே இருப்பாய் என்று சொல். கிழமைக்கு ஒருமுறை இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கிற ஆசிரியையோடு பழகு. யார் குளிசையை யன்னலால் எறிகிறாள் என்று அவருக்குத் தெரியும், ஏன் என்று நீ கேட்கலாம்.

உன் எம்.ஓ.எச். பிரிவில் இளைஞர் நட்புச் சுகாதார நிலையம் இருந்தால் அது திறந்திருக்கிற நேரத்தைப் பார். காலை எட்டுக்குத் திறந்து பின்னேரம் நாலுக்குப் பூட்டினால் பள்ளிக்கூடமும் டியூஷனும் போகிற பிள்ளை எப்போது வரும்? சனிக்கிழமை பாதி நாளாவது கேட்டுப் பார். என் காலத்தில் நாங்கள் கேட்டது கிடைக்கவில்லை, உனக்குக் கிடைக்கலாம்.

கேள்வி கேட்கிற பிள்ளைக்கு, “இதையெல்லாம் ஏன் கேட்கிறாய்” என்று முகத்தால்கூடக் காட்டாதே. கலியாணம் முடித்தாயா என்ற கேள்வி மருத்துவத்துக்குத் தேவைப்படாவிட்டால் கேட்காதே. உன்னால் முடியாததை எம்.ஓ.எச்.சிடமோ தாதிய சகோதரியிடமோ அனுப்பு, ஆனால் யாரிடம், எந்த அறைக்கு என்று சொல்லி அனுப்பு. முடிந்தால் கூடவே போ.

கிளினிக்கில் உன் மேசையை யன்னலுக்குப் பக்கத்தில் போட்டிருப்பார்கள், காற்றுக்காக. அதை உள்ளே தள்ளிப் போடு. வெளியில் வாங்கில் இருக்கிறவர்களுக்கு யன்னலால் எல்லாம் கேட்கும்.